மேல் வகுப்பில் பாகான் டத்தோவுக்கு

"ஏழாம் வகுப்பு படிச்சுட்டா டீச்சரா? முதல்ல அந்தத் தோட்டத்துக்குப் போய்ச் சேரு, அப்புறம் பார்க்கலாம்" என்றார் பெரியப்பா. வெற்றிலையைத் துப்பிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

ஜப்பான்காரர் ஆட்சியின் இரண்டாம் வருடம் அது. இப்போது சண்டை முடிந்துவிட்டது. பெரிய கப்பல்கள் திரும்ப வரப்போகின்றன என்று பினாங்கு ஜார்ஜ்டவுனில் பேச்சாக இருக்கிறது. ஊருக்குப் போக நினைக்கும் வசதிக்காரர்கள், "வெள்ளைக் கப்பல் கம்பெனி நல்லதா, கறுப்புக் கப்பல் கம்பெனி நல்லதா, எதில் உபசாரம் அதிகம்?" என்று என்னிடம்கூடக் கேட்கிறார்கள். நான் இரண்டிலும் கால் வைத்ததில்லை. ஆனால் அந்த இரண்டு கம்பெனிகளிலும் வேலை பார்த்த ஆட்களிடம் ஒரே பயணத்தில் மாட்டிக்கொண்டு விழித்தவள் நான். அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

என் அப்பா வெல்ட் கீ துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். பாகான் டத்தோ பக்கத்தில் ஒரு தென்னந்தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இடம் காலி என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி. வெள்ளிக்கிழமை காலைப் பெரட்டில், ஆட்களை வரிசையில் நிறுத்திக் கணக்கெடுக்கும்போது, ஜப்பான் அதிகாரி வந்து பெயரைப் பதிவார். அப்போது அங்கே நேரில் நிற்பவருக்குத்தான் வேலையும் அரிசியும். நான் நிற்காவிட்டால் கிராணியின் மச்சான் மகன் நிற்பான். அவனும் ஏழாவதுதான். எனக்கு முதல் நாளே போய்ச் சேர வேண்டும் என்று எண்ணம்.

ரயிலில் பட்டாளம் போகிறது, பாஸ் கிடைக்காது. கடல் வழியாகத் தொண்ணூறு மைல். இரண்டு மோட்டார் தொங்கான்கள், சரக்கும் ஆளும் ஏற்றும் பெரிய படகுகள், ஓடின. 'ராணி' என்பதில் மேல் வகுப்பு இருபத்தைந்து வெள்ளி, கீழ் வகுப்பு பத்து. பச்சைச் சாயம் அடித்த இன்னொன்றில் எல்லோருக்கும் பன்னிரண்டு. வெள்ளி என்றால் வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு. நான் ராணியில் மேல் வகுப்புச் சீட்டு இரண்டு எடுத்தேன், எனக்கும் துணைக்கு வரும் சின்னம்மாவுக்கும். வாத்தியாராகப் போகிறவள் கருவாட்டுக் கூடைகளுக்கு நடுவில் போய் இறங்கக் கூடாது என்று நினைத்தேன். இன்றைக்கும் அதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

புதன், காலை ஒன்பது மணி. மணி எல்லாம் தோக்கியோ மணி. எட்டுக்கு மேல்தான் விடியும். வெல்ட் கீயில் காவலுக்கு நின்ற சோல்ஜருக்குக் குனிந்து வணக்கம் போட்டுவிட்டு, குண்டு விழுந்து கூரை போன கிட்டங்கிகளைத் தாண்டிப் படித்துறைக்குப் போனோம். சம்பான் என்ற சிறு துடுப்புப் படகில் கொண்டுபோய் ராணியில் ஏற்றினார்கள். ஏணி முனையில் ஒருவர் வெள்ளைக் கோட்டு போட்டு நின்றார். கோட்டில் பித்தளைப் பொத்தான்கள், காலில் செருப்பு இல்லை.

"குட் மார்னிங், மிஸ். வெல்கம். நான் சூசை. மேல் வகுப்பு ஸ்டூவர்டு."

என் தகரப் பெட்டியை அவரே வாங்கிக்கொண்டார். மேல் வகுப்புப் பயணி சுமை தூக்கக் கூடாதாம். சின்னம்மாவின் துணி மூட்டைக்கும் கை நீட்டினார்.

"இதை விடுங்க அண்ணே. இது என் இடுப்பிலேயே பிறந்த பிள்ளை" என்றாள் சின்னம்மா.

பின்பக்கத்தில் கித்தான் பந்தல், அதன் கீழ் ஆறு பிரம்பு நாற்காலிகள், நடுவில் வெள்ளை விரிப்பு போட்ட மேஜை. விரிப்பில் மஞ்சள் நூலால் தைத்த ஒட்டு. மேஜைமேல் ஒரு பித்தளை மணி. நாங்களும் ஒரு சீனத் தம்பதியும்தான் மேல் வகுப்பு. கீழே தேங்காய் வியாபாரிகள் முப்பது பேர் இருப்பார்கள்.

பத்து மணிக்குப் புறப்படும் என்று சொல்லியிருந்தார்கள். பத்தரைக்குக் கேட்டேன்.

"ஆகட்டும், மிஸ். லஞ்சுக்கு அப்புறம்" என்றார் சூசை அண்ணன்.

பன்னிரண்டு மணிக்கு மணி அடித்து, கையைப் பின்னால் கட்டி நின்று, சாப்பாட்டை அறிவித்தார். முதலில் சூப், அடுத்து மீன், கடைசியில் இனிப்பு. சூப் என்பது மரவள்ளிக்கிழங்கு வேகவைத்த தண்ணீர். மீன் என்பது மரவள்ளிக்கிழங்கும் ஒரு விரல் கருவாடும். இனிப்பு என்பது மரவள்ளிக்கிழங்கின் மேல் கொஞ்சம் தென்னஞ்சர்க்கரை. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு தட்டு. தட்டை இடப்பக்கமாக வைத்து வலப்பக்கமாக எடுத்தார். விரல் கழுவக் கிண்ணத்தில் கடல் தண்ணீர் வந்தது. அதில் ஒரு இலை மிதந்தது.

"பெரிய கப்பல்ல இதுல ஐஸ் மிதக்கும், மிஸ்" என்றார். அவர் பதினெட்டு வருடம் வெள்ளைக் கப்பல் கம்பெனியில் முதல் வகுப்புச் சாப்பாட்டுச் சாலையில் இருந்தவர். அங்கே ராத்திரிச் சாப்பாட்டுக்கு வாத்தியம் வாசிப்பார்களாம். குளிக்கத் தண்ணீர் தயார் என்று சொல்வதற்கு மட்டும் தனி ஆளாம். படுக்கை விரிப்பில் காலை ஒரு மடிப்பு, மாலை வேறு மடிப்பாம். "எங்க கம்பெனியில பயணிகிட்ட 'இல்ல'ன்னு வாயால சொல்லக் கூடாது, மிஸ். சொன்னா அன்னிக்கே சீட்டுக் கிழிச்சிருவான். 'தெரியாது'ன்னும் சொல்லக் கூடாது. எது கேட்டாலும் 'ஆகட்டும்'. அதான் சர்வீஸ்."

"அப்ப எப்போ புறப்படும்?"

"டீக்கு முன்னால, மிஸ்."

டீ வந்தது. வறுத்த சோளத்தை இடித்துக் கொதிக்க வைத்திருந்தார்கள். தொங்கான் நகரவில்லை. கரையில் மணிக்கூண்டு நின்ற இடத்திலேயே நின்றது. எதிர்க்கரை பட்டர்வொர்த்திலிருந்து வரும் படகுகளும், கரையில் எங்கள் அப்பாவோடு வேலை செய்கிறவர்கள் வரிசையாகக் குனிந்து நிமிர்வதும் தெரிந்தன. வீட்டிலிருந்து அரை மைல் தூரத்தில் இருபத்தைந்து வெள்ளி கொடுத்து உட்கார்ந்திருந்தேன்.

மாலை ஆறு மணிக்கு எழுந்து நின்று கேட்டேன். "அண்ணே, இன்னிக்குப் போகுமா போகாதா? எனக்கு வெள்ளிக்கிழமை காலையில அங்க நிக்கணும். இல்லன்னா என் வேலை போயிரும்."

"கவலையே வேண்டாம், மிஸ். காலைக் காபிக்கு முன்னால நங்கூரம் எடுத்துருவாங்க. தலையணை ஒண்ணா, ரெண்டா?"

அந்தத் தலையணையை அவர் தலையிலேயே போடலாம் போல இருந்தது. கரைக்குத் திரும்பலாம் என்றால், இருட்டிய பிறகு சம்பான் ஓடத் தடை. தங்கினோம்.

வியாழன், காலை ஒன்பது மணி. காபி வந்தது, நங்கூரம் வரவில்லை. பதினொன்றுக்குப் பச்சைத் தொங்கான் படித்துறையிலிருந்து கிளம்பி, டொக் டொக் என்று புகை விட்டுக்கொண்டு எங்கள் பக்கமாக வந்தது. முகப்பில் கட்டம் போட்ட கைலியும் கிழிந்த பனியனுமாக ஒருவர் நின்றார். காதர் பாய் என்று பெயர். அவர் கறுப்புக் கப்பல் கம்பெனியில் ஸ்டூவர்டாக இருந்தவர் என்று பிறகு தெரிந்தது. சூசை அண்ணனைக் கண்டதும் அவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. இஞ்சினை மெதுவாக்கச் சொல்லிவிட்டுக் கூப்பிட்டார்.

"ஏய் சூசை! உன் இஞ்சின் இன்னும் பட்டறையிலதான் கிடக்குது லா! நேத்து ராத்திரி பார்த்தேன், பட்டறைக்காரன் துரு தட்டிக்கிட்டு இருக்கான்!"

நான் சூசை அண்ணனைப் பார்த்தேன். அவர் மேஜை விரிப்பின் சுருக்கத்தை நீவினார்.

"இஞ்சின் எங்கண்ணே?"

"சர்வீஸ்ல இருக்கு, மிஸ்."

நான் நேராகப் போய் இஞ்சின் அறையின் மூடியைத் தூக்கினேன். யாரும் தடுக்கவில்லை. உள்ளே இஞ்சின் இருந்த இடத்தில் நாலு திருகாணித் துளைகளும், கணுக்கால் அளவு எண்ணெய்த் தண்ணீரும், ஒரு பலகைமேல் காலைக் கட்டிப்போட்ட மூன்று கோழிகளும் இருந்தன.

சின்னம்மா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "ஏன் சூசையண்ணே, இந்தக் கோழிங்கதான் கப்பலை இழுக்கப் போவுதா?"

கீழ் வகுப்பில் சிரிப்பு கிளம்பி, அடுத்த நிமிடமே கூச்சலாக மாறியது. சூசை அண்ணன் என்னிடம் தாழ்ந்த குரலில் பேசினார். "எங்க முதலாளி தௌக்கே இன்னிக்கு இஞ்சின் வரும்னுதான் சொன்னார், மிஸ். பயணிங்க இறங்கிப் போயிட்டா அந்தக் கம்பெனிக்காரன்கிட்டப் போயிருவாங்க. நான் எப்படி மிஸ் 'இல்ல'ன்னு சொல்றது?"

"என் காசு?"

"ஆகட்டும், மிஸ்."

அந்தக் காசு இன்றுவரை வரவில்லை. பெட்டியும் வரவில்லை. அது அடித்தட்டில் தேங்காய்களுக்கு அடியில் இருந்தது. மேல் வகுப்புச் சாமான் போய்ச் சேரும் துறையில்தான் கொடுக்கப்படும் என்று சூசை அண்ணன் சட்டம் பேசினார். அதில் இரண்டு புதுச் சேலைகளும் என் பாடப் புத்தகங்களும் இருந்தன. ஆட்களை விட்டுத் தேங்காயைப் புரட்ட நேரம் இல்லை. பச்சைத் தொங்கான் நகர ஆரம்பித்திருந்தது. நான் அதைப் பார்த்துக் கையை ஆட்டினேன்.

"பாய்! பாகான் டத்தோ போகணும்! ரெண்டு பேர்!"

"இடமில்ல!"

"நின்னுக்கிட்டே வர்றோம்!"

"நிக்கவும் இடமில்ல!"

சின்னம்மா பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். "இடமில்லாதவரு எதுக்குப் பாய் வண்டியை நிறுத்தி வாயடிச்சீங்க? அந்த நேரத்துக்கு நாங்க ரெண்டு பேரும் ஏறி உட்கார்ந்திருப்போமே!"

காதர் பாய் தலையைச் சொறிந்தார். "ஏறுங்க. உப்பு மூட்டை மேலதான். நாற்காலி கீற்காலின்னு கேக்கக் கூடாது."

சம்பானில் இறங்கும்போது சூசை அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொண்டு, பெரிய கப்பலில் செய்வது போலவே தலை வணங்கினார். "நல்ல பயணம், மிஸ். மறுபடியும் எங்க கம்பெனியோட பயணம் செய்யணும்." அவர் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. எனக்குக் கோபம் இன்னும் அதிகமானது.

பிற்பகல் ஒன்று. ஜெலுத்தோங் கரை பின்னால் போயிற்று. பச்சைத் தொங்கானில் உபசாரம் என்று ஒன்று கிடையாது. குடிக்கத் தண்ணீர் கேட்டால் பீப்பாயைக் காட்டுவார்கள். வெயிலுக்கு ஒதுங்க இடம் கேட்டேன். "இல்ல." பாகான் டத்தோவில் எத்தனை மணிக்கு நிற்கும் என்று கேட்டேன்.

"அங்க நிக்காது. நேரா ஆத்துக்குள்ள தெலுக் ஆன்சன். திரும்பி வரும்போது சனிக்கிழமை இறக்கி விடுறேன்."

நான் உப்பு மூட்டையிலிருந்து எழுந்துவிட்டேன். "இதை ஏறுறப்பவே சொல்லியிருக்கலாமே, பாய்!"

"நீ அங்க போகணும்னுதான் சொன்னே, நிக்குமான்னு கேக்கல. எங்க கம்பெனியில கேட்டதுக்கு மட்டும்தான் பதில். பதினோரு மணின்னா பதினோரு மணிக்கு டெக்குல சூப் வரும், ஒரு நிமிஷம் தப்பாது. ஆனா எவன்கிட்டயும் பல்லைக் காட்ட மாட்டோம்." பிறகு தூரத்தில் சின்னதாகிவிட்ட ராணியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "சூசை ஆளுங்க இருக்கானுங்களே, கப்பல் முழுகினாலும் 'குளிக்கத் தண்ணி ரெடி'ன்னு சொல்வானுங்க."

ஆக, கேட்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். வெள்ளைக் கப்பல் கம்பெனியில் உங்களை மகாராணி போல நடத்துவார்கள்; கப்பல் போகுமா என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். கறுப்புக் கப்பல் கம்பெனியில் மணி தவறாமல் போவார்கள். நீங்கள் எங்கே போக வேண்டும் என்பதைப் பற்றி அவர்களுக்கு அக்கறை இல்லை. இரண்டு பேரிடமும் சலித்துப் போனேன். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. 'ஆகட்டும்' என்பவரிடம் வாதாட ஒன்றுமே இல்லை. 'இல்லை' என்பவரிடம் ஏன் என்று கேட்கலாம்.

நான் கேட்டேன். ஜெரஜாக் தீவு தாண்டும்வரை கேட்டேன்.

"ஏன் நிக்காது?"

"ஏத்தம் தப்பிப் போயிரும். தண்ணி ஏறும்போதே ஆத்துக்குள்ள நுழையணும்."

"எத்தனை மணிக்கு ஏத்தம்?"

"விடியக்காலை ஏழு."

"பாகான் டத்தோ ஆத்து வாயிலதானே இருக்கு? நிறுத்த வேண்டாம். கரையோரமா மெதுவாப் போங்க. நான் சம்பான்ல இறங்கிக்கிறேன்."

"ஓடுற தொங்கான்ல இருந்தா? பொம்பளைப் பிள்ளையா? மாட்டேன்."

"என் அப்பா முப்பது வருஷமா ஆடுற பலகையில மூட்டையோட நடக்கிறார், பாய். நான் வெறுங்கையோடதான் இருக்கேன். என் பெட்டியைத்தான் உங்க சிநேகிதர் வச்சுக்கிட்டாரே."

அவர் சிரிக்காமல் இருக்க முயன்றார். "சம்பான்காரன் வரலன்னா என்னைத் திட்டக் கூடாது."

"திட்டுவோம்" என்றாள் சின்னம்மா. "ஆனா மெதுவாத்தான் திட்டுவோம்."

பினாங்கு மலை பின்னால் நீலமாகி, பிறகு மேகம் எது மலை எது என்று தெரியாமல் போயிற்று. பிறந்ததிலிருந்து அந்த மலை கண்ணில் படாத இடத்தில் நான் இருந்ததில்லை. அழலாம் போல இருந்தது. அதற்குள் ஒரு உப்பு மூட்டை சரிந்து என் காலில் விழுந்தது.

வெள்ளி, காலை எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும். இன்னும் சரியாக வெளுக்கவில்லை. காதர் பாய் சொன்ன சொல்லைக் காப்பாற்றி இஞ்சினைத் தணித்தார். சின்னம்மா கத்திய கத்தலுக்கு, வலை இழுத்துக்கொண்டிருந்த மலாய்க்காரர் ஒருவர் சம்பானைப் பக்கத்தில் கொண்டு வந்தார். நான் முதலில் இறங்கினேன், அடுத்து மூட்டை, அடுத்து சின்னம்மா. கரையில் துறை இல்லை. முழங்கால்வரை சேறு. செருப்புகள் இரண்டும் அதில் போயின.

தென்னைகளுக்கு நடுவே ஆட்கள் வரிசையில் நின்றார்கள். கிராணி வெள்ளைத் தொப்பியோடு, அதிகாரியின் பக்கத்தில் குனிந்து நின்றார். அவருக்குப் பின்னால் தலை வாரிப் பவுடர் போட்ட ஒரு இளைஞன், அந்த மச்சான் மகனாகத்தான் இருக்க வேண்டும். கிராணி என் காலைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார்.

"நேத்தே வந்திருக்கணும்மா. வரலன்னு இப்பத்தான் சொல்லப் போனேன்."

"பேர் பதியிறது இன்னிக்குன்னுதானே சொல்லி அனுப்பினீங்க? வந்துட்டேன். நான் தனபாக்கியம். வாத்தியார்."

கிராணி அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இளைஞன் ஒரு அடி முன்னால் வைத்தான். அவர்கள் முடிவு செய்யட்டும் என்று நான் நிற்கவில்லை. பக்கத்துக் கொட்டகையில் பிள்ளைகள் இருபது முப்பது பேர் மணலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அதற்குள் உள்ளே போய், சேற்றுக் காலோடு அவர்கள் முன்னால் நின்று, மணலில் விரலால் முதல் எழுத்தை எழுதிவிட்டிருந்தேன்.