அம்மாவின் தொண்டைக்கு நான் வைத்தியம் பார்த்தது

அம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்ட வருடம் நான் ஆறாம் வகுப்பில் படித்தேன். மழையில் நனைந்தால் வந்து, இரண்டு நாள் மிளகு ரசத்துக்குப் போய்விடுகிற கட்டு இல்லை அது. ஆகஸ்டில் தொடங்கியது அக்டோபர் முடிந்தும் விடவில்லை. காலையில் அவள் பேசும் முதல் வார்த்தை தகரத்தில் ஆணியை இழுப்பது போலக் கேட்கும். அம்மா ஒரு மிஷன் பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர். மதுரை கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கும் பஸ்களின் ஹாரன் சத்தத்தைத் தாண்டி ஐம்பது பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்க வேண்டும். அதனால் அவள் தொண்டை போனதில் யாருக்கும் ஆச்சரியம் இருக்கவில்லை.

எனக்கு இருந்தது ஆச்சரியம் அல்ல, பயம். எங்கள் கிறிஸ்தவ சபையில் ஒவ்வொரு டிசம்பரிலும் கிறிஸ்துமஸ் பாட்டுகளுக்கென்றே கேரல் ஆராதனை நடக்கும். கோயில் விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், ஆர்கன் துணைகூட இல்லாமல் ஒரே ஒரு குரல் முதல் பாட்டின் முதல் நான்கு அடிகளைப் பாடும். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அந்தக் குரல் அம்மாவுடையது. மூன்றாவது அடியில் ஒரு இடம் மேலே ஏறும். அந்த இடத்தில் அம்மா ஏறும்போது, முன் பெஞ்சுப் பிள்ளைகள் திரும்பி அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்ப்பார்கள். வருடம் முழுக்க வேறு எதற்காகவும் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

நவம்பர் தொடக்கத்தில், கோயில் பாடகர் குழுவை நடத்தும் குவாயர் மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். பாங்கில் வேலை பார்க்கிற இளைஞர். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, காபியை ஆறவிட்டு, கடைசியில் சொன்னார்: "அக்கா, டிசம்பர் முதல் வாரம் வரைக்கும் பாப்போம். சரியாகலைன்னா இந்த வருசம் மட்டும் வேற யாரையாச்சும்..."

"அதுக்கென்ன தம்பி, பாடட்டும்" என்று அம்மா உடைந்த குரலில் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. அந்த "வேற யாராச்சும்" என் வகுப்பில் எப்போதும் முதல் ரேங்க் வாங்குகிறவளின் அம்மா என்று எனக்குத் தெரியும்.

அடுத்த வாரம் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். நானும் கூடப் போனேன். மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு, டிவிப் பெட்டியில் அம்மாவின் தொண்டைக்குள்ளே காட்டினார். வெள்ளை ரிப்பன் துண்டுகள் போல இரண்டு, திறந்து திறந்து மூடின. ஓரங்கள் சிவந்து தடித்திருந்தன.

"கட்டி இன்னும் வரலை. இப்படியே விட்டா வந்துரும்" என்றார் டாக்டர். "தண்ணி நெறையக் குடிங்க. கத்தாதீங்க. தொண்டையைச் செருமிக்கிட்டே இருக்காதீங்க. குசுகுசுன்னும் பேசாதீங்க. ரகசியம் பேசுறது தொண்டைக்கு ரெஸ்ட்டுன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க, அதுவும் கெடுதல்தான்." பிறகு எழுதிக்கொண்டே கேட்டார்: "வீட்ல அப்படி ரொம்ப நேரம் மெதுவாப் பேசுற மாதிரி இருக்குதா?"

"இல்ல டாக்டர். பிள்ளைகள்ட்ட கத்துறதுதான்" என்றாள் அம்மா.

அன்று முதல் அம்மாவின் தொண்டையை நான் பொறுப்பெடுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டுக்கு அப்போதுதான் நெட் உள்ள போன் வந்திருந்தது. குரலை வளப்படுத்துவது எப்படி என்று சொல்லித்தரும் வீடியோக்களை வரிசையாகப் பார்த்தேன். பாதி ஆங்கிலம் புரியவில்லை. புரியாத பாதியை நானே நிரப்பிக்கொண்டேன். அட்டவணை ஒன்று போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். காலையில் ஆவி பிடிக்க வேண்டும். காபி இரண்டு டம்ளரிலிருந்து அரை டம்ளர். பிறகு டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டு, குமிழி வரும்படி ஊதிக்கொண்டே "ஊ" என்று கீழிருந்து மேலே போக வேண்டும். உதட்டை நடுங்கவிட்டு "ப்ர்ர்ர்" என்று ஸ்வரம் ஏற வேண்டும். மூச்சு வயிற்றிலிருந்து வர வேண்டும் என்பதால் அம்மாவைத் தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, வயிற்றின்மேல் தமிழ் அகராதியை வைத்து, அது ஏறி இறங்குகிறதா என்று தலைமாட்டில் உட்கார்ந்து கண்காணித்தேன்.

அப்பா ஷேவ் செய்துகொண்டே எட்டிப் பார்ப்பார். "ஷேர் ஆட்டோ ஸ்டார்ட் ஆயிருச்சு டோய். பெரியார் பஸ் ஸ்டாண்ட் போகுமா?" என்பார். அம்மாவின் வயிற்றில் அகராதி குலுங்கும். அந்த நவம்பரில் அவர்கள் இருவரும் ஒன்றாகச் சிரித்து நான் பார்த்தது அந்த அகராதியை வைத்துதான்.

பலன் தெரிந்தது. பத்து நாளில் ஆணிச் சத்தம் குறைந்தது. ஆனால் சில காலைகளில் எந்தக் காரணமும் இல்லாமல் மறுபடி மோசமாகும். அட்டவணையில் எங்கே ஓட்டை என்று தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை டியூஷன் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். வீட்டுக்குள் நுழைந்தபோது சமையலறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே புஸ் புஸ் என்று காற்றுச் சத்தம் மாறி மாறிக் கேட்டது. அப்பாவும் அம்மாவும்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். "கோயம்புத்தூர்" என்று கேட்டது. "என் வேலைய விட்டுட்டு" என்று கேட்டது. "அப்ப நான் அம்புட்டுதானா?" என்று அப்பாவின் மூச்சு கேட்டது. ஓட்டை எங்கே என்று எனக்குப் புரிந்துவிட்டது. கதவைத் தள்ளித் திறந்தேன்.

"குசுகுசுன்னு பேசக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்ல? பேசுறதா இருந்தா சத்தமாப் பேசும்மா!"

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். "என்ன, சத்தமாப் பேசிருவமா?" என்றார்.

"வேணாம்" என்றாள் அம்மா.

அப்பா வேலை பார்த்த மோட்டார் பம்ப் கம்பெனி மதுரைக் கிளையை மூடிக்கொண்டு அவரைக் கோயம்புத்தூருக்குக் கூப்பிட்டிருந்தது. குடும்பத்தோடு வரச் சொன்னார் அவர். நிரந்தர வேலையை விடமாட்டேன் என்றாள் அம்மா. அதற்கு அடியில் வேறு பழைய விஷயங்களும் இருந்திருக்க வேண்டும். ஆகஸ்டிலிருந்து, நான் டியூஷனில் இருக்கும்போதும் குளிக்கும்போதும் மாடியில் விளையாடும்போதும், அந்தச் சண்டையை அவர்கள் என் காதில் விழாதபடி வெறும் மூச்சிலேயே போட்டிருக்கிறார்கள். இப்போது நானே பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். அப்படிப் பேசினால் குரல்நாண் எப்படிக் காய்ந்து உரசும் என்று படம் போட்டு விளக்குவேன். அன்றைக்கும் அது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. எதற்காக அப்படிப் பேசினார்கள் என்பதுதான் தெரியவில்லை.

உடனே புதிய சட்டம் கொண்டுவந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து ஞாயிறு காலை வரை அம்மா வாயே திறக்கக் கூடாது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் என் ரஃப் நோட்டில் எழுத வேண்டும். அம்மா மறுப்பாள், பேரம் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். "சரி" என்று உடனே ஒப்புக்கொண்டாள். என் சட்டத்தின் நியாயம் அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலை தூறிக்கொண்டிருந்தது. அப்பா பையோடு கூடத்துக்கு வந்தார். கோயம்புத்தூர் போகிறார் என்று எனக்குத் தெரியும். வேலை விஷயமாக, இரண்டு மூன்று நாள் என்று நானே முடிவுசெய்துகொண்டிருந்தேன். அம்மா சாப்பாட்டு மேசையருகே பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். கிளம்பவில்லை. பையைக் கீழே வைத்தார்.

"நான் கிளம்புறேன்" என்றார். அம்மா நிமிரவில்லை. "திங்கக்கெழமை அங்க கையெழுத்துப் போடணும். போட்டா போட்டதுதான்." செருப்போடு ஒரு அடி உள்ளே வந்தார். "ஒரு வார்த்தை சொல்லு. வேணாம்னா வேணாம்னு சொல்லிரு. இங்கனயே எதையாச்சும் பாத்துக்கிறேன். உன் வாயால சொல்லு, அம்புட்டுதான் கேக்குறேன்."

அவர் அதைக் குசுகுசுக்காமல் சாதாரணக் குரலில், என் எதிரிலேயே சொன்னார். அம்மா கத்தியை வைத்தாள். எழுந்தாள். அவள் வயிறு விரிந்து மூச்சு உள்ளே இறங்கியதைப் பார்த்தேன். நான் அகராதி வைத்துப் பழக்கிய அதே மூச்சு. வாய் திறந்தது.

"அம்மா! நாளைக்குக் காலைல வரைக்கும்!" என்று கத்தினேன். ஓடிப்போய் ரஃப் நோட்டையும் பேனாவையும் அவள் கையில் திணித்தேன். "எழுது, எழுதிக் காமி."

அம்மா என்னைப் பார்த்தாள். திறந்த வாய் மெல்ல மூடிக்கொண்டது. நோட்டை மேசையில் வைத்து வெகுநேரம் குனிந்திருந்தாள். வெளியே ஆட்டோக்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். அப்புறம் எழுதினாள். நோட்டை நான்தான் அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். டீச்சர் கையெழுத்து, கொம்பும் சுழியும் பிசகாமல் இரண்டு வார்த்தை இருந்தது. "போயிட்டு வாங்க."

அப்பா அதைப் படிக்க அவ்வளவு நேரம் எடுத்திருக்க வேண்டியதில்லை. நோட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்து, என் தலையைத் தொட்டு, "வாரேன் தாயி" என்றார். ஆட்டோ ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் திரும்பியதும் நான் உள்ளே வந்து, அட்டவணையில் சனிக்கிழமைக் கட்டத்துக்குள் தங்க நிற ஸ்டார் ஒன்றை ஒட்டினேன். எவ்வளவு பெரிய சோதனையிலும் அம்மா பேசவில்லை அல்லவா?

அப்பா கையெழுத்துப் போட்டார். முதலில் மாதம் ஒரு முறை வந்தார். பிறகு பண்டிகைக்கு வந்தார். நான் பத்தாம் வகுப்பு முடிப்பதற்குள் கோர்ட்டில் இருவரும் இன்னொரு கையெழுத்தையும் போட்டிருந்தார்கள்.

நான் வேலைக்குப் போன பிறகு, ஒரு விடுமுறையில், அம்மாவிடம் கேட்டேவிட்டேன். "அன்னைக்கு நான் குறுக்க வராம இருந்திருந்தா என்னம்மா சொல்லியிருப்ப?"

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. "எனக்கே தெரியாதுடி. வாயைத் தொறந்தப்பறமும் தெரியல. நீ நோட்டக் கொடுத்தப்ப, உள்ளதச் சொன்னா, அப்பாடான்னு இருந்துச்சு." ஒரு சேலையை மடித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "அந்தாளுதான் பாவம். எழுத்தக் கேக்கல, சத்தத்தத்தான கேட்டாரு." என் மேல் தப்பில்லை என்று சொல்வதற்காகத்தான் சொன்னாள். அதற்குப் பிறகு எனக்கு அந்த விஷயத்தில் ஆறுதல் என்று ஒன்று கிடைக்கவே இல்லை.

அப்பா கோயம்புத்தூர் போன அந்த டிசம்பரில் கேரல் ஆராதனைக்கு அவர் வந்திருந்தார். விளக்கு அணைந்தது. அம்மா பாடினாள். மூன்றாவது அடியில், எந்த இடத்தில் உடையும் என்று பயந்து என் விரல்கள் பெஞ்சைப் பிடித்திருந்தனவோ அந்த இடத்தில், குரல் ஒரு கீறலும் இல்லாமல் ஏறி நின்றது. முன் பெஞ்சுப் பிள்ளைகள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நானும் திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில், மடியில் பையை வைத்துக்கொண்டு அப்பா குனிந்து உட்கார்ந்திருந்தார்.

ஆராதனை முடிந்து வளாகத்தில் கேக்கும் டீயும் கொடுத்தார்கள். அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அம்மாவின் முன் நிறுத்தினேன்.

"எப்ப வந்தீங்க?" என்றாள் அம்மா.

"அஞ்சு மணிக்கு. எறங்கி நேரா இங்கனதான் வாரேன்."

"சாப்ட்டீங்களா?"

"வழியில ஆச்சு. நல்லாப் பாடுன. தொண்டை சரியாயிருச்சு போல."

"ஆமா. இவதான் பாத்துக்கிட்டா. அங்க ரூமெல்லாம் வசதியா இருக்கா?"

"இருக்கு. தண்ணிதான் கொஞ்சம் கஷ்டம்."

"காய்ச்சிக் குடிங்க."

"ம். காய்ச்சித்தான் குடிக்கிறேன்."

பக்கத்தில் நின்றவர்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி, இரண்டு பேரும் தெளிவாக, மரியாதையாக, முழுக் குரலில் பேசிக்கொண்டார்கள். ஒரு வார்த்தைகூடக் காற்றாகப் போகவில்லை. நான் நடுவில் நின்று, கையில் கேக்கோடு, ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்கு மாறி மாறிப் பார்த்தேன். இனி எங்கள் வீட்டில் யாருக்கும் தொண்டை கெடாது என்று எனக்கு அவ்வளவு நிச்சயமாக இருந்தது. என்னிடமிருந்து மறைத்துச் சண்டை போடுகிற அளவுக்கு அவர்களுக்குள் எதுவும் மிச்சமில்லை என்பதைத்தான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று தெரியாமல், குவாயர் மாஸ்டரிடம் போய் இன்னொரு துண்டு கேக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.