பிரிக்கிற நூல் என்று சொன்னது யார்?

போனில் ஓடிய தொடரின் நாலாவது எபிசோடுக்கு நடுவில் தையல் மெஷின் நின்றது. எதிரே பட்டன் வைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி நிமிர்ந்தாள்.

“என்னக்கா, ஊசி விரல்ல ஏறிடுச்சா?”

“இல்ல. அவ இப்போ என்ன சொன்னா?”

“யாரு?”

“அந்தப் பொண்டாட்டிக்காரி.”

“புருஷனைப் பாத்து, ‘நீங்க பிரிக்கிற நூல்’னு சொன்னா. நல்ல வசனம், இல்ல?”

தையல்காரம்மா காலைப் பெடலிலிருந்து எடுத்தாள்.

இரண்டு துணிகளை மெஷினில் ஓட்டுமுன், நகராமல் இருக்கக் கையால் அகல அகலமாக ஒரு தையல் போடுவார்கள். மெஷின் தையல் விழுந்ததும் அந்த நூலை உருவிக் குப்பையில் போட வேண்டியதுதான். ‘பிரிக்கிற நூல்’ என்பது அதற்கு அவளாக வைத்த பெயர். அதைத் தூக்கி ஒரு மனிதர் மேல் எறிந்ததும் அவள்தான். போன வருடம் தொழிற்சாலை மூடி, கணவர் வேலையில்லாமல் வீட்டில் இருந்த நேரம். “பொண்ணு வேலைக்குப் போயிட்டா. வீட்டை நான் ஓட்டிக்கறேன். நீங்க இனிமே பிரிக்கிற நூல்.” கேட்டவர் அவர் ஒருவர்தான், மிச்சம் சுவர்.

அது எப்படி சீரியலுக்குள் போனது?

தெருவில் அவளுக்கு ‘ரிவ்யூ அக்கா’ என்று பெயர். அளவு கொடுக்க வருகிறவர்கள், வார இறுதிக்கு என்ன பார்க்கலாம் என்றும் கேட்டுப் போவார்கள். ஆனால் அவள் எதையும் பார்த்தவள் அல்ல. கண் துணியில், காது போனில். கதாநாயகன் கறுப்பா சிவப்பா என்று தெரியாது. பொய்யாக அழுதால் மட்டும் கண்டுபிடித்துவிடுவாள். “ரெண்டு மீட்டர் துணியில எட்டு பேருக்குச் சட்டை தைக்கிறாங்க” என்பாள், எட்டு எபிசோடுக்கு இழுக்கும் தொடர்களை. புதுப்படச் சண்டைகள் பற்றி, “மேளத்தை நிறுத்தினா யார் செத்தான்னாவது தெரியும்.” போலீஸ் தொடர் என்றால், “முதல் அஞ்சு நிமிஷத்துல பிணம், கடைசி வரைக்கும் காபி.” டப்பிங் தொடர்களை அவளைப் போல ரசித்தவர் கிடையாது. வாய் முந்தி முடிகிறதா பிந்தி முடிகிறதா என்ற கவலை அவளுக்கு இல்லையே.

இந்தத் தொடரின் முதல் மூன்று எபிசோடுகளுக்கும் தீர்ப்பு சொல்லியாகிவிட்டது. கதை ஓட்டம் சுகம். அந்த மனைவிதான் ஆகவில்லை. “அவளுக்கு இருக்கறது நாக்கா, கத்திரியா? அந்த ஆள் இன்னுமா அங்க குடியிருக்கான்?” வந்த அத்தனை பேரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

தம்பிக்குப் போன் போட்டாள். அவனுக்குத் தொடர்களுக்கு வசனம் எழுதும் குழுவில் வேலை. எந்தெந்தத் தொடர் என்று அவள் கேட்டதில்லை. பெயர் ஓடுவதைப் பார்க்கிற வழக்கமும் இல்லை.

“பிரிக்கிற நூலை யாருடா உனக்குச் சொன்னது?”

“பாத்துட்டியாக்கா?”

“யார்னு கேட்டேன்.”

“அத்தான்.”

“அவரா? அவர் தண்ணி வேணும்னாலே ரெண்டு தடவை யோசிச்சுக் கேப்பார்.”

“என்கிட்ட ஒரு ராத்திரி முழுக்கப் பேசினார். எழுதட்டுமான்னு கேட்டேன். எழுதிக்கோ, கதைன்னாதான் அவ காது கொடுப்பான்னார்.”

போனை வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரி பட்டன் டப்பாவை மூடிக்கொண்டு, அடுப்பில் வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்தாள். எப்போது எழ வேண்டும் என்று தெரிந்தவள்.

வசனத்துக்குப் பிறகு போனில் சத்தமே வரவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காட்சியைப் பின்னால் நகர்த்தி, முதல் தடவையாகப் பார்த்தாள். மனைவி முதுகைக் காட்டி ஏதோ மடித்துக்கொண்டிருந்தாள். சத்தம் இல்லாத இடம் முழுக்க அந்த ஆளின் முகம். இசை இல்லை, கண்ணீர் இல்லை. தன் உயரத்தில் பாதியாகிவிட்டவன் போல நின்றான். நிஜத்தில் அதைச் சொன்னபோது அவள் திரும்பிப் பார்த்திருக்கவில்லை.

மாலையில் கணவர் வந்தார். இப்போது லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் இருக்கிறார், கையில் கிரீஸ். மெஷின் ஓடாததைக் கண்டு வாசலிலேயே நின்றார்.

“உடம்பு சரியில்லையா?”

“நாலாவது எபிசோட் கேட்டேன்.”

அவர் கையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னேன். ரெண்டு தடவை. சரி சரின்னு சொல்லிட்டு, சீரியல்ல யாரோ அப்ரூவர் ஆகறான், இருங்கன்ன.”

அவளுக்கு நினைவே இல்லை. அதுதான் இன்னும் அடித்தது.

“அஞ்சாவதுல அந்த ஆள் வீட்டை விட்டுப் போறானா?”

“எனக்குத் தெரியாது. அவங்க என்ன எழுதினாங்களோ.”

“நீங்க?”

“நான் பை வரைக்கும் எடுத்தேன்.”

அவள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாள் ஒரே கூரையின் கீழ், பரணிலிருந்து ஒரு பை இறங்கி, மறுபடி ஏறியிருக்கிறது, அவளுக்குத் தெரியவில்லை.

“எப்போ?”

“நீ யாருக்கோ கல்யாண கவுன் தச்சிட்டு இருந்த. பெரிய வேலை. தொந்தரவு பண்ண வேணாம்னு நினைச்சேன்.”

“வீட்டை விட்டுப் போறதுல என்னங்க தொந்தரவு பண்ணாம போறது?”

அவர் சிரித்துவிட்டார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. போனை அணைத்து மேஜையில் கவிழ்த்து வைத்தாள். மெஷினின் முன்னால் இருந்த நாற்காலியைத் திருப்பி அவர் எதிரே போட்டாள்.

“உக்காருங்க. பையை எடுத்தீங்க. அப்புறம்?”

“பெரிசா ஒண்ணும் இல்ல.”

“இருக்கறதைச் சொல்லுங்க.”

அவர் உட்கார்ந்து, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாதவராகத் தொண்டையைச் செருமினார். அளவு கொடுக்க வந்த ஒருத்தி கதவைத் தட்டினாள். “நாளைக்கு வாங்க” என்று உள்ளே இருந்து அவள் குரல் மட்டும் வந்தது.