கேள்வி கேட்டுவிட்டுப் போன மாஸ்டர்

வெள்ளிக்கிழமை பிற்பகல், நான் வேலை செய்யும் ஈஸ்ட் டாமாக்கிக் கிடங்கில் லாரிக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது கருணாகரன் மாஸ்டரின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. மறுநாள் வயலின் வகுப்பின் நேரத்தை மாற்றுகிறார் போலும் என்று எடுத்தேன். பேசியது அவர் மனைவி சுபா.

"அண்ணை, அவர் காலமை நெஞ்சு நோகுதெண்டவர். போயிட்டார் அண்ணை."

அதன்பிறகு எந்தச் சரக்கை எந்த லாரியில் ஏற்றினேனோ, தெரியாது.

மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர்; என்னைவிட இளையவர். ஈப்போவிலிருந்து வந்த நான் ஐம்பது தாண்டி வயலினைத் தொட்டவன். பாடத்தை வாசித்துப் படம்பிடித்து, புதன்கிழமையே கைப்பேசிக்கு அனுப்பிவிடுவார். வீட்டில் பார்த்துப் பழகி, சிக்கிய இடத்தைச் சனிக்கிழமை மனுகாவில் இருந்த அவர் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். வகுப்பில் புதிதாக ஒன்றும் சொல்லித்தர மாட்டார். எனக்கோ பொறுமை கிடையாது.

"என்னா மாஸ்டர், எல்லாத்தயும் வீட்டுலயே படிச்சிட்டா நான் இங்க எதுக்கு வரணும்?"

"பிழைவிட வாங்கோ அண்ணை. எங்கை பிழைக்குது?"

"எங்கயும் இல்ல."

"அப்ப தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

உண்மையிலேயே அனுப்பிவிட்டார்! வழியெல்லாம் திட்டிக்கொண்டே காரோட்டினேன். அடுத்த வாரம் கைநிறையக் கேள்விகளோடு போனேன். முதல் கேள்வியிலேயே வகுப்பு நேரம் முழுவதும் போய்விட்டது. அவருக்கு அப்படியொரு சந்தோஷம்.

கடைசிப் புதன்கிழமை வந்த பாடத்தில், ஒரு நீண்ட வரியின் முடிவில் அவருக்கே வில் போதாமல் ஒலி அறுந்தது. சிரித்தார்.

"எனக்கும் பிழைக்குது அண்ணை. அழிக்கேல்லை. இந்தமுறை கேள்வி என்ரை. சனிக்கிழமை பதிலோடை வாங்கோ."

செய்தி கேட்டதிலிருந்து என்னால் உட்கார முடியவில்லை. சனிக்கிழமை காலை, வயலினோடு வீட்டுக்குள் நடந்தபடி அந்த வரியையே இழுத்துக்கொண்டிருந்தேன். "கொஞ்சம் உக்காருங்களேன்" என்று மனைவி கெஞ்சினாள். வகுப்புக்குப் புறப்படும் நேரத்தில் பிடிபட்டது. முந்தைய வரியின் கடைசிச் சுரத்திலேயே வில்லைத் திருப்பிவிட வேண்டும், அவ்வளவுதான். ஒலி அறுபடவில்லை.

"கெடச்சிருச்சு!" என்று கத்தி, வயலினைப் பெட்டியில் வைத்து, கார்ச் சாவியையும் எடுத்துவிட்டேன். வாசலில்தான் நினைவு வந்தது. அழுதேன்.

இறுதிச் சடங்கில், சுபாவிடம் கேட்டு, பேழையருகே நின்று அந்த ஒரு வரியை மட்டும் வாசித்தேன். வாசித்த பிறகும் வில்லை இறக்க மனம் வரவில்லை.

பதிலோடு வந்தேன் மாஸ்டர். சரியா என்று நீங்கள்தான் சொல்லவில்லை. போய் வாருங்கள்.