வில்லன் திருந்திவிட்டான்

இன்று ஹென்டர்சன் மண்டபத்தில் ரெஸ்லிங் பார்த்துவிட்டு வந்தேன். இதைப் போனில் ஒரு விரலால் மெதுவாகத்தான் தட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் சண்டை அருமை. ஒருவன் விழுந்த வேகத்தில் நான் இருந்த கதிரையே ஆடியது. இரண்டாவது சண்டை சுமார்தான்; அடுத்த அடி எப்போது விழும் என்று இருவரும் காத்து நின்றது அப்படியே தெரிந்தது.

பிறகு என் வில்லன் மைக்கோடு வந்தான். முன்வரிசையில் இருக்கும் என்னைக் கைநீட்டி ஏசிவிட்டுத்தான் அவன் எப்போதும் சண்டையைத் தொடங்குவான். நானும் எழும்பி நின்று தமிழில் திருப்பி ஏசுவேன்.

இன்று, தான் திருந்திவிட்டதாகப் பேசினான். அந்தப் பேச்சில் காரமே இல்லை. முடித்துவிட்டு இறங்கி வந்து, பணிவாக என் கையைக் குலுக்கினான்.

"என்ன பிள்ளை, இவனுக்கு என்ன நடந்தது?" என்று பக்கத்தில் இருந்த மகளைக் கேட்டேன்.

"அவன் இனி நல்லவனாம் அப்பா. அவனுக்கு எழுதுற கதையை மாத்திப்போட்டாங்கள்."

"நல்லவன் எண்டாலும் என்னை ஏசலாம்தானே?"

"ஏச்சு வாங்க உங்களுக்கு அவ்வளவு ஆசையோ?"

ஓம், ஆசைதான். என் மனைவி கமலம் செத்துப்போன பிறகு, இந்த ஊரில் எல்லோரும் என்னோடு மரியாதையாகவே கதைக்கிறார்கள். அவள் ஒருநாளும் அப்படிக் கதைத்ததில்லை.

இதை வாசிக்கிறவர்கள் லைக் போட வேண்டாம். கீழே இரண்டு வரி ஏசிவிட்டுப் போங்கள்.