கதவைத் தட்டக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தேன்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் ஜெர்மன் மொழி வகுப்பு நடத்துகிறேன். வருபவர்கள் பெரும்பாலும் கலியாணம் முடித்து, அங்கே இருக்கும் கணவனிடம் போக விசாவுக்குக் காத்திருக்கும் பெண்கள். மொழியோடு அந்த நாட்டையும் சேர்த்தே சொல்லிக்கொடுப்பேன். நான் அங்கே போனதில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் பாடப்புத்தகமும் சில வீடியோக்களும்தான்.

கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஒரு பிள்ளை நான் சொல்வதையெல்லாம் கொப்பியில் எழுதுவாள். ஒருநாள், "பக்கத்து வீட்டுச் சனத்தோட எப்படிப் பழகிறது, மிஸ்?" என்று கேட்டாள்.

"சொல்லாமல் போய்க் கதவு தட்டக் கூடாது. அங்க அது பெரிய மரியாதைக்கேடு," என்றேன். அதையும் எழுதிக்கொண்டாள்.

பரீட்சை பாஸ் பண்ணிப் போய்ச் சேர்ந்தாள். ஒரு வருடம் கழித்து வாட்ஸ்அப்பில் கோல் எடுத்தாள். நான்காம் மாதத்தில் கரு கலைந்துவிட்டதாம்.

"காலமை அவர் வேலைக்குப் போனபிறகுதான் இரத்தம் படத் தொடங்கினது. அவர் ரெஸ்டோரண்ட் குசினியில சமைக்கிறவர், வேலை நேரம் போன் எடுக்கேலாது. அம்புலன்ஸுக்கு அடிச்சா என்ன கேப்பினமோ, எனக்கு விளங்குமோ எண்டு பயம். கீழ்வீட்டில ஒரு வயசான மனிசி இருக்கிறா. மத்தியானம் வரைக்கும் நான் அவவைக் கூப்பிடேல்லை, மிஸ்."

கடைசியில் அழுகைச் சத்தம் கேட்டு அந்த மனிசியே மேலே ஏறி வந்திருக்கிறார். தன் காரில் கொண்டுபோய், கணவன் வரும்வரை ஆஸ்பத்திரியில் கூட இருந்திருக்கிறார். போகிற வழியில், பேச்சுக் கொடுப்பதற்காக, "உங்கள் நாட்டில் ஆஸ்பத்திரிகள் உண்டா?" என்று கேட்டாராம். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை இவள்.

"ஏன் என்னைக் கூப்பிடேல்லை எண்டு திரும்பத் திரும்பக் கேட்டவ."

"நான் வகுப்பில சொன்னதாலயோ?"

"நேரத்தோட போயிருந்தாலும் பிள்ளை தங்கியிராது எண்டு டொக்டர் சொன்னவர்," என்றாள். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை.

அடுத்த வகுப்பில் ஒருத்தி, அந்த நாட்டுச் சனம் எப்படியான ஆக்கள் என்று கேட்டாள். "எனக்குத் தெரியாது. நான் போனதில்லை," என்றேன். இத்தனை வருடத்தில் அதைச் சொன்னது அன்றுதான். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாத முடிவில் இரண்டு பேர் வேறு வகுப்புக்கு மாறிவிட்டார்கள். அங்கே படிப்பிப்பவரை எனக்குத் தெரியும். அவரும் போனதில்லை.

அந்தப் பிள்ளை இன்னும் இலக்கணச் சந்தேகம் கேட்டு மெசேஜ் போடுகிறாள். கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.