மண்டபத்துப் படியில் உட்கார்ந்தவர்கள்

அவிநாசிக்கு வடக்கே இருக்கும் அந்த ஊரில் எல்லோரும் மரியாதையாகப் பேசுவார்கள். மளிகைக் கடைக்காரர், பஸ் கண்டக்டர், பால் ஊற்றுகிறவர், யாராக இருந்தாலும் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' வரும். காலனிக்காரர்களிடம் பேசும்போது மட்டும் அந்த 'ங்க' வாய்க்குள்ளேயே நின்றுவிடும்.

காலனியில் இருப்பவர் ராசம்மாள். நாற்பதைத் தாண்டிய வயது. சிறுமியாக இருந்தபோது ஊர்க்காரர்களின் தோட்டத்தில் களை வெட்டியவர், இப்போது திருப்பூர் சாலையில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். அங்கே சூப்பர்வைசரே "வாங்கக்கா" என்பார். சாயங்காலம் ஊருக்குள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் "ஏ ராசம்மா" ஆகிவிடுவார்.

தாய் இறந்தபின் தங்கை சண்முகப்ரியாவை வளர்த்து ஆளாக்கியது ராசம்மாள்தான். காலனியிலேயே கல்யாணமும் செய்து வைத்தார். போன வருஷம் சண்முகப்ரியா தலைப்பிள்ளை உண்டானாள்.

ஊரில் சுகாதார நிலையத்துக்குக் கட்டடம் கிடையாது. கர்ப்பிணிகளுக்கான மாதப் பரிசோதனை கோயில் கமிட்டியின் கல்யாண மண்டபத்தில் நடக்கும். நர்ஸ் மரகதம் வந்து உள்ளே மேஜை போட்டு உட்காருவார். ஊர்ப் பெண்கள் உள்ளே போவார்கள். காலனிப் பெண்கள் வெளிப்படியில் உட்கார்ந்திருப்பார்கள். அப்படிப் பலகை எதுவும் எழுதி மாட்டியிருக்கவில்லை. எழுத வேண்டிய அவசியமே அங்கே யாருக்கும் இருந்ததில்லை.

உள்ளே எல்லோரையும் பார்த்து முடித்தபின் நர்ஸ் வெளியே வருவார். எடை மிஷின் உள்ளே இருந்தது. வயிற்றைத் தொட்டுப் பார்க்கக் கட்டிலும் உள்ளேதான். படிக்கட்டில் யாரைப் படுக்க வைப்பது? சத்து மாத்திரை கொடுப்பார், நேரமிருந்தால் பிரஷர் பார்ப்பார்.

எட்டாம் மாதம் சண்முகப்ரியாவின் கால்கள் வீங்கின. தலைவலியும் விடவில்லை. படியில் உட்கார்ந்தபடி நர்ஸிடம் சொன்னாள்.

"அடுத்த ஊருக்கு நேரமாச்சு கண்ணு. உப்பைக் கொறைச்சுக்கோ. அடுத்த மாசம் எல்லாம் பாத்துரலாம்" என்றார் நர்ஸ்.

அடுத்த மாதம் வருவதற்குள் சண்முகப்ரியாவுக்கு வலிப்பு வந்தது. கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய் அவளைக் காப்பாற்றிவிட்டார்கள். வயிற்றிலிருந்த பெண் குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை.

"கால் வீங்கினப்பவே பிரஷர் பாத்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதே. செக்கப்புக்கே கூட்டிட்டுப் போகலையா?" என்று அங்கிருந்த டாக்டர் கேட்டார்.

போனார்கள். ஒரு மாதம்கூடத் தவறாமல் போனார்கள். ராசம்மாளுக்கு அழுகை வரவில்லை, உடம்பெல்லாம் எரிந்தது. தங்கை உட்கார்ந்திருந்த படிக்கும் உள்ளே மேஜை மேலிருந்த பிரஷர் மிஷினுக்கும் நடுவில் ஒரு வாசல்தானே இருந்தது?

நேராக நர்ஸிடம் போய்க் கேட்டார்.

மரகதம் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்குத் தெரியாமயாக்கா இருக்குது? நான் உங்களை உள்ள கூப்பிட்டா, மண்டபத்துச் சாவியத் தரமாட்டாங்க. அப்புறம் யாருக்குமே செக்கப் இருக்காது."

"எங்களுக்கு இப்ப மட்டும் இருந்துச்சுங்களா?"

அடுத்து ராசம்மாள் வட்டாரச் சுகாதார அலுவலகத்துக்குப் போனார். அங்கே, மண்டபத்தை இலவசமாகக் கொடுக்கிறார்கள், கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்றார்கள். கடைசியாக ராசம்மாள் காலனிப் பெண்களைக் கூட்டிக்கொண்டு கமிட்டித் தலைவர் நஞ்சப்பன் வீட்டு வாசலுக்குப் போனார்.

"உங்களை வரவேண்டாம்னு யாராச்சும் சொன்னமா? நீங்களாத்தான் வெளிய உக்காந்துக்கறீங்க" என்றார் நஞ்சப்பன்.

"அப்படிங்களா. செரிங்க. அடுத்த வாட்டி உள்ளயே வாரமுங்க" என்றார் ராசம்மாள்.

சொன்னபடியே செய்தார்கள். அடுத்த பரிசோதனை நாளில் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, கர்ப்பிணிகளை முன்னால் விட்டுக் காலனிப் பெண்கள் மொத்தமாகப் படியேறினார்கள். உள்ளே பேச்சு நின்றது. யாரோ மின்விசிறியை நிறுத்தினார்கள். ஊர்ப் பெண்கள் சிலர் எழுந்து போனார்கள். நர்ஸ் ஒருமுறை வாசலைப் பார்த்தார், பிறகு பிரஷர் பட்டையை எடுத்துச் சுற்றினார். ஆனைமலையிலிருந்து வாக்கப்பட்டு வந்த மாசாணியம்மாளுக்குப் பிரஷர் மிகவும் அதிகமாக இருந்தது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பிறகு அவளுக்கு நல்லபடியாக ஆண் குழந்தை பிறந்தது. படியில் உட்கார்ந்திருந்தால் அவளுக்கும் மாத்திரைதான் கிடைத்திருக்கும்.

அடுத்த மாதம் மண்டபம் பூட்டியிருந்தது. பெயின்ட் அடிக்கிறார்களாம். ஒரு பெயின்ட் டப்பாகூட வந்து இறங்கவில்லை.

காலனியில் அங்கன்வாடி ஒன்று உண்டு. கட்டில் போட இடமும் விசிறியும் எல்லாம் அங்கே இருந்தன. இத்தனை வருஷமாகப் பரிசோதனையை அங்கே வைக்காததற்கு ஒரே காரணம்தான். ஊர்ப் பெண்கள் காலனிக்குள் வரமாட்டார்கள். அவர்களுடைய கௌரவத்துக்காகக் காலனிப் பெண்கள் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள்.

ராசம்மாளும் மற்றவர்களும் அங்கன்வாடியைக் கழுவிவிட்டார்கள். ஒருத்தி வீட்டுக் கட்டிலைத் தூக்கி வந்தார்கள், இன்னொருத்தியின் சேலை மறைப்பானது. பிறகு போய் மரகதத்தைக் கூப்பிட்டார்கள். "மேல கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன், வாங்கக்கா" என்று இந்த முறை அவர் உடனே கிளம்பினார்.

கார் வைத்திருந்த ஊர்க்காரர்கள் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வசதியில்லாதவர்கள் என்ன செய்வார்கள்? கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறவரின் மனைவி நவ்யா ஒருநாள் வந்து வேப்பமரத்தடியில் தயங்கி நின்றாள். ஊர்ப்பெண்தான். கொஞ்ச நேரம் நிற்கட்டும், நின்று பார்க்கட்டும் என்று ராசம்மாளுக்குத் தோன்றியது. ஆனால் நிறைமாத வயிற்றைப் பார்த்தபின் அப்படி இருக்க முடியவில்லை.

"வெயில்ல நிக்காதீங்க அம்மணி, உள்ள வாங்க. இந்தப் புள்ளைக்கு அடுத்து நீங்க" என்றார். நவ்யாவுக்குப் பின் இன்னும் சிலர் வந்தார்கள்.

விஷயம் வெளியே பரவியபின் மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். மக்களே முன்னின்று நடத்தும் முகாம், மற்ற ஊர்களுக்கு முன்மாதிரி என்று பாராட்டிவிட்டு, ராசம்மாளைப் பக்கத்தில் நிற்கவைத்துப் போட்டோ எடுக்க வேண்டும் என்றார்.

"எங்க தங்கச்சி கொழந்தை ஏன் செத்துச்சுன்னு விசாரிக்க வந்தீங்களாக்கும்னு நெனச்சேனுங்க. போட்டோவுக்குன்னா நான் வரலீங்க."

அதிகாரி சிரித்துச் சமாளித்தார். அங்கன்வாடியின் முன் மரகதத்தை நிற்கவைத்து எடுத்துக்கொண்டு போனார். ராசம்மாள் உள்ளே திரும்பிப்போய்க் கட்டிலில் படுத்திருந்தவளுக்குத் தலையணையைச் சரிசெய்தார். அந்தக் குழந்தையைப் பற்றிக் கேட்க இன்றுவரை ஒருவரும் வரவில்லை.