புதைத்த கருவாட்டுக்கு நிவாரணம்

கார்த்திகைக் கடைசியில் அடித்த புயலில், லைட்ஹவுஸ் குப்பத்தில் என் அண்ணியின் கருவாட்டுக் கொட்டகை விழுந்தது. மூட்டை கட்டி வைத்திருந்த நெத்திலியும் வாளையும் மழையில் ஊறிக் கெட்டன. உடம்புக்கு முடியாமல் அண்ணன் கடலுக்குப் போவதை நிறுத்தியதிலிருந்து அந்த வியாபாரம்தான் அவர்களுக்குச் சோறு. மறுபடி சரக்குப் பிடிக்க வழியில்லையென்றால் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கூட்டிப் பெருக்கப் போவதாக அண்ணி சொல்லியிருந்தார்.

மழை விட்டது திங்கட்கிழமை. செவ்வாய் காலையிலேயே கெட்ட சரக்கைப் புதைத்துவிட்டார்கள். எங்கள் குப்பத்தின் வழக்கம் அது. அழுகிய மீன் வெளியே கிடந்தால் ஈ பெருகி, அடுத்துக் காயப்போடும் மீனிலும் புழு வைக்கும். அதனால் ஒரே குழியாக வெட்டி எல்லோருடையதையும் கொட்டி மூடுவார்கள். பக்கத்தில் அதேபோல விழுந்த இரண்டு கொட்டகைப் பெண்களின் சரக்கும் அண்ணியின் சரக்கோடு போயிற்று.

வியாழக்கிழமைச் செய்தித்தாளில் நிவாரண ஆணையின் சுருக்கம் வந்தது. படகு, வலை, வீடு என்ற வழக்கமான வரிசையில் இம்முறை சிறு வியாபாரிகளின் சரக்கும் சேர்ந்திருந்தது. ஒரு நிபந்தனை: சேதமான சரக்கை அலுவலர் நேரில் பார்க்க வேண்டும். தாளை எடுத்துக்கொண்டு அண்ணி வீட்டுக்குப் போனேன்.

“பாக்கணும்னா இன்னா பண்றது தம்பி? மண்ணுக்குள்ள கீதே.”

“தோண்டிக் காட்டுவோம் அண்ணி.”

பக்கத்துக் கொட்டகைப் பெண்களில் இளையவள் அங்கே இருந்தாள். “பொணத்தையே தோண்டிப் பாக்குறாங்க, கருவாட்டுக்கு இன்னா,” என்று சிரித்தாள்.

ஊர்ப் பெரியவர்களிடம் அனுமதி வாங்கினோம். சனிக்கிழமை கிராம நிர்வாக அலுவலர் வந்தார். மூன்று பெண்களும் மண்ணை விலக்கியதும் எழுந்த நாற்றத்தில் கைக்குட்டையை எடுத்தார்.

“மூக்க மூடிக்கினா எப்பிடி சார்? நல்லா மோந்துட்டு எழுதுங்க,” என்றாள் இளையவள்.

“எழுதுறேம்மா. இதுல யாருது எது?”

குழிக்குள் எல்லாம் ஒரே கூழாகக் கிடந்தது.

“பாதிக்கு மேல என்னுது சார்,” என்றார் அண்ணி.

“ஆமாக்கா, உன்னுது மட்டும் குழிக்குள்ள குட்டி போட்டுச்சா?” என்றாள் இளையவள்.

அலுவலருக்குச் சிரிப்பு வந்தாலும் எழுதவில்லை. “பிரிக்க முடியாததத் தனித்தனியா எழுத முடியாதும்மா. ஆணையில மகளிர் குழுவுக்கும் இடம் இருக்கு. மூணு பேரும் சேந்து தொழில் பண்றதா இருந்தா ஒரே சேதமா எழுதலாம்.”

அண்ணி யாருடனும் கூட்டுச் சேர்ந்ததில்லை. வியாபாரி வந்தால், மற்ற இருவர் காதிலும் விழாத தூரத்துக்கு அழைத்துப் போய்த்தான் விலை பேசுவார். இப்போது குழியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“துறைமுகத்துக்குப் போனா தொடப்பம் குடுப்பாங்க. எங்ககூட நின்னா வாய் மட்டுந்தான்க்கா வலிக்கும்,” என்றாள் இளையவள்.

“வெல நான்தான் பேசுவேன்.”

“பேசு. நாங்க பக்கத்துல நின்னு கேப்போம்.”

அண்ணி தலையசைத்தார். அலுவலர் எழுதத் தொடங்கினார்.

தை பிறந்து நிவாரணம் வந்தது. மூன்று கொட்டகைக்கு அது போதவில்லை, ஒன்று போட்டார்கள். மாசி முதல் வாரத்தில் அதன் முன்னால் நெத்திலி காயப்போட்டபோது நானும் போயிருந்தேன். வெயில் ஏறியதும் அண்ணி மூன்று பேர் மீனையும் தானே புரட்டிவிட்டார்.